பெஞ்சில் உட்கார வைத்ததுதான் ஹர்ட்ஸை ஆளாக்கியதாம்!

மேற்குக்கரை:
அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜேலன் ஹர்ட்ஸைப் பற்றிச் சென்ற வாரம் வேறோர் இழையில் நண்பர் நான்காம்கால் போகிற போக்கில் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டுப் போனார்: "ஜேலன் ஹர்ட்ஸைப் பெரிய குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரர்) ஆக்கியது, 2018 ஜனவரி 8 அன்று அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் நிக் சேபன் அவரை அரைநேரத்தில் பெஞ்சில் உட்கார வைத்ததுதான். எட்டுக்கு மூன்று பாஸ் (எட்டு வீசி மூன்றே சேர்ந்தன), 21 யார்டு. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?" நான் பதில் எழுதுவதற்குள் அந்த இழை பூட்டப்பட்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

பேச நிறையவே இருக்கிறது. 2016 செப்டம்பரில் யு.எஸ்.சி. (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணிக்கு எதிராகக் களமிறங்கிய 18 வயதுப் பையன் ஹர்ட்ஸ், கல்லூரி ஆட்டத்தில் தனக்குக் கிடைத்த முதல் ஸ்னாப்பிலேயே, அதாவது பந்து கைக்கு வந்த முதல் முறையே, அதை நழுவவிட்டான். அன்று அவனை யாரும் பெஞ்சுக்கு அனுப்பவில்லை. அதே ஆட்டத்தில் பாஸ் மூலம் இரண்டு, ஓடி இரண்டு என நான்கு டச்டவுன்கள் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) வந்தன. அலபாமா 52-6 என்று வென்றது. தவறு செய்தவனைக் களத்தில் விட்டு வைத்ததால் விளைந்தது அது. அந்தப் பருவத்தின் இறுதியாட்டத்தில் கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 2 நிமிடம் 7 விநாடி மிச்சமிருந்தபோது 30 யார்டு ஓடி அலபாமாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தவனும் அவனே. ஒரு விநாடி மிச்சமிருக்கையில் கிளெம்சனின் டெஷான் வாட்சன் வீசிய பாஸில் ஆட்டம் 35-31 என்று கைவிட்டுப் போனது. அதற்குத் தற்காப்பு வரிசையைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கிடையே ஒவ்வோர் ஆண்டும் அவனுக்குப் புதிய ஆசான், அதாவது ஒவ்வொரு நகர்வையும் தீர்மானித்து 'ஆட்டம் அழைக்கும்' பயிற்சியாளர். 2016இல் லேன் கிஃபின், அந்த இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு ஸ்டீவ் சார்க்கீசியன், 2017இல் பிரையன் டேபோல், 2018இல் மைக் லாக்ஸ்லி, 2019இல் ஓக்லஹோமாவில் லிங்கன் ரைலி. நான்கு பருவங்களில் ஐந்து பேர் ஆட்டம் அழைத்த ஓர் இளைஞனின் வளர்ச்சியை ஒரே ஓர் அரைநேரத்தில் அடக்குவது, ஆட்டத்தை மறுநாள் செய்தித் துணுக்கில் பார்த்தவர்களுக்கு மட்டுமே கைவரும் துணிச்சல்.

நான்காம்கால்:
இத்தனை பத்திகளிலும் ஒரே ஓர் எண்ணைத் தொடாமல் கடந்திருக்கிறீர்கள் என்பதைக் கவனித்தேன். எட்டுக்கு மூன்று, 21 யார்டு. அரைநேரத்தில் ஜார்ஜியா 13, அலபாமா 0. தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம் அது, பள்ளிக்கூட விளையாட்டு விழா அன்று. ஹர்ட்ஸுக்குப் பதிலாக உள்ளே வந்த டுவா டங்கோவைலோவா 24க்கு 14, 166 யார்டு, மூன்று டச்டவுன். முடிவு, அலபாமாவுக்கு 26-23 வெற்றி. சேபன் செய்தது சரி என்பதைப் பலகையே சொல்லிவிட்டது.

அப்புறம், ஐந்து ஆசான் கணக்கு. சார்க்கீசியன் அழைத்தது ஒரே ஓர் ஆட்டம். ஒரு வார விருந்தாளியையும் ஆசான் பட்டியலில் சேர்த்தால்தான் உங்கள் வாதம் நிற்கும் என்றால், அது எவ்வளவு பலமான வாதம் என்று எல்லோருக்கும் தெரிகிறது.

மேற்குக்கரை:
அந்த "ஒரு வார விருந்தாளி" அழைத்த ஆட்டம்தான் அந்தப் பருவத்தின் இறுதியாட்டம். முதலாண்டு மாணவன் ஒருவனுக்கு, தன் வாழ்வின் மிகப் பெரிய ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு ஆட்டம் அழைப்பவரை மாற்றுவது நெருக்கடி இல்லை என்றால், வேறு எதை நெருக்கடி என்பீர்கள்?

எண்ணுக்கு வருகிறேன். எட்டுக்கு மூன்று என்பது பாஸ் கணக்கு மட்டுமே. அதே பாதியில் ஹர்ட்ஸ் ஓடி எடுத்த யார்டுகள் பாஸில் எடுத்ததைவிட அதிகம். அதை ஏன் விழுங்கினீர்கள்? முதல் முயற்சியில் அணியை ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்து 3 புள்ளி எடுப்பது) தூரம் வரை கொண்டுபோனார். 40 யார்டு உதையைத் தவறவிட்டவர் உதைப்பாளர்.

நான்காம்கால்:
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்போது உதைப்பாளர் மீது பழி. எட்டுக்கு மூன்று.

புள்ளிவிவரப்பித்தன்:
இருவரும் ஒரே பாதியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவதால் நடுவில் வருகிறேன். உண்மையான கேள்வி அதற்கு முன்பே தொடங்குகிறது. 2016இல் ஹர்ட்ஸ் 382 பாஸ் வீசினார், 9 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). 2017இல் 255 பாஸ், ஒரே ஒரு இன்டர்செப்ஷன். வெளிப்பார்வைக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால், துல்லிய விகிதம் (சேர்ந்த பாஸ்களின் சதவீதம்) 62.8இலிருந்து 60.4க்கு இறங்கியிருக்கிறது. பந்தைத் தொலைக்காத ஒருவர், அதே சமயம் இலக்கையும் குறைவாகத் தொடுகிறார் என்றால், நெருக்கமான இடைவெளிக்குள் வீசும் துணிச்சலை அவர் விட்டுவிட்டார் என்றே பொருள். முதல் ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) அடைபட்டதும் அடுத்தவரைத் தேடாமல், சக வீரர்கள் காத்து நிற்கும் பாக்கெட்டை விட்டு ஓடிவிடும் பழக்கம் அந்த ஆண்டில்தான் முற்றியது. அரைநேரத்தில் வெளிப்பட்டது அந்த நோய்தான்.

நான்காம்கால்:
நன்றி. நான் சொன்னதையே எண்களோடு சொல்லியிருக்கிறீர்கள்.

மேற்குக்கரை:
அவர் சொன்னது உங்கள் வாதத்துக்கு நேர் எதிர் என்பதுகூடத் தெரியாமல் நன்றி சொல்கிறீர்கள். அந்த அச்சத்தை அவருக்கு ஊட்டியது யார்? வலுவான தற்காப்பு வரிசையை வைத்துக்கொண்டு, "பந்தைத் தொலைக்காதே, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பாணியில் ஓராண்டு முழுவதும் ஆட வைத்துவிட்டு, தற்காப்பு 13 புள்ளிகளை விட்டுக்கொடுத்த மாலையில் "நீ ஏன் துணிந்து வீசவில்லை?" என்று 19 வயதுப் பையனைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? துணிச்சல் அவரிடம் இல்லாமல் இல்லை. 2017 நவம்பரில் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக 24-24 என்று ஆட்டம் தொங்கியபோது, 25 விநாடி மிச்சமிருக்கையில் 26 யார்டு டச்டவுன் பாஸை வீசி வென்று கொடுத்தவர் ஹர்ட்ஸ். அதைப் பிடித்தவர் டெவோன்டா ஸ்மித். ஆம், இரண்டு மாதம் கழித்து டுவாவின் 41 யார்டு பாஸைப் பிடித்துச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த அதே முதலாண்டு மாணவர். டுவா வீசினால் மேதை, ஹர்ட்ஸ் வீசினால் நினைவிலேயே இல்லை.

ஹூஸ்டன்வாசி:
ஹர்ட்ஸ் வளர்ந்த சேனல்வியூ (டெக்சஸ்) எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையனை வளர்த்தது சேபனும் இல்லை, ரைலியும் இல்லை. சேனல்வியூ உயர்நிலைப் பள்ளியில் அவருக்குப் பயிற்சியாளர் சொந்தத் தந்தை அவேரியன் ஹர்ட்ஸ். பயிற்சியாளர் வீட்டில் பிறந்து, தோல்விக்குப் பிறகு முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று கற்று வளர்ந்த பிள்ளைக்கு, அலபாமாக்காரர்கள் நெருக்கடியைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது வேடிக்கை.

நான்காம்கால்:
பக்கத்து ஊரில் வீடு வாங்கியவர்கள் எல்லாம் குவார்ட்டர்பேக் ஆராய்ச்சியாளர்கள் ஆகிவிட்டால் இந்தத் தளம் தாங்காது. அந்தத் தந்தைதான் 2018 வசந்தத்தில் தம் மகன் இடம் இழந்தால் கல்லூரிக் கால்பந்து வரலாற்றிலேயே பெரிய 'ஃப்ரீ ஏஜென்ட்' (எந்த அணிக்கும் போகக்கூடிய வீரர்) ஆகிவிடுவான் என்று பத்திரிகையிடம் சொன்னவர். முகத்தில் எதையும் காட்டாத குடும்பம்!

ஹூஸ்டன்வாசி:
தந்தை என்றால் அப்படித்தான் பேசுவார். உங்கள் பிள்ளை 26 ஆட்டம் வென்று 2 மட்டும் தோற்ற பிறகு உட்கார வைக்கப்பட்டால் நீங்கள் தேங்காய் உடைப்பீர்களோ?

நான்காம்கால்:
திசை திருப்ப வேண்டாம். 2018 டிசம்பர் 1. அதே அட்லாண்டா அரங்கம், அதே ஜார்ஜியா. நான்காம் கால்பகுதியில் அலபாமா 21-28 என்று பின்தங்கியிருக்கையில் டுவா கணுக்கால் காயத்தோடு வெளியேறுகிறார். ஹர்ட்ஸ் உள்ளே வருகிறார்: 9க்கு 7, 82 யார்டு, ஜெரி ஜூடிக்கு ஒரு டச்டவுன் பாஸ், ஒரு நிமிடம் சொச்சம் இருக்கையில் 15 யார்டு ஓடி இன்னொன்று. 35-28. எட்டுக்கு மூன்று என்றிருந்தவர் ஒன்பதுக்கு ஏழு ஆனார். இடையில் நடந்தது என்ன? பெஞ்சு. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மேற்குக்கரை:
இடையில் நடந்தது என்னவென்று ஹர்ட்ஸே சொல்லியிருக்கிறார், நீங்கள்தான் படிக்கவில்லை. 2018 ஆகஸ்டில் செய்தியாளர்களிடம் பேசியபோது, அந்த வசந்த காலம் முழுவதும் பயிற்சியாளர்கள் உட்பட ஒருவரும் தம்மிடம் வந்து எப்படி உணர்கிறாய் என்று கேட்கவில்லை என்றார். இதைத்தான் 'வளர்ப்பு' என்கிறீர்கள். அந்த ஆண்டுதான் புதிய விதி வந்தது: நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர் அந்தப் பருவத்தைக் கல்லூரியில் ஆடத் தகுதியுள்ள ஆண்டுகளின் கணக்கில் இழக்க வேண்டியதில்லை. நான்கோடு ஒதுங்கி, ஓர் ஆண்டைச் சேமித்துக்கொண்டு அவர் கிளம்பியிருக்கலாம். அவர் இருந்தார், ஆடினார், டிசம்பரில் பட்டம் வாங்கினார், அதன் பிறகே கிளம்பினார். அந்தப் பொறுமை அவருடையது. பெஞ்சுக்குப் பதக்கம் கொடுப்பது, பட்டினி போட்டவனைச் சமையல்காரன் என்று பாராட்டுவதற்குச் சமம்.

புள்ளிவிவரப்பித்தன்:
2018இல் அவருடைய துல்லிய விகிதம் 72.9, 2019இல் ஓக்லஹோமாவில் 69.7 என்பதைப் பதிவு செய்கிறேன்.

நான்காம்கால்:
60.4, பெஞ்சு, 72.9. தீர்ந்தது.

மேற்குக்கரை:
2018இல் வீசியவை மொத்தம் 70 பாஸ், பெரும்பாலும் ஆட்டம் முடிந்துபோன பிறகு. அதை வைத்துக் கோயில் கட்ட வேண்டாம்.

2019தான் சான்று. 3,851 யார்டு, 32 டச்டவுன் பாஸ், ஓட்டத்தில் 1,298 யார்டும் 20 டச்டவுனும், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாக்கெடுப்பில் ஜோ பரோவுக்கு அடுத்த இடம். அந்தப் பருவத்தின் நவம்பர் 16ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேய்லருக்கு எதிராக ஓக்லஹோமா 3-28 என்று கிடந்தது. ஹர்ட்ஸ் பந்தைத் தொலைத்தார், ஒரு முறை அல்ல. 2018இன் அரைநேரத்தைவிட எல்லா வகையிலும் மோசமான நிலை அது. சேபன் வழி சரியென்றால் ரைலி அன்று அவரை உட்கார வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஹர்ட்ஸ் நான்கு டச்டவுன் பாஸ் வீசினார். ஓக்லஹோமா 34-31 என்று வென்றது. அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் அதுவே மிகப் பெரிய மீட்சி. தவறு செய்த பின்னும் அடுத்த முயற்சி தனக்குத்தான் என்று தெரிந்தவன்தான் அடுத்த ரிசீவரை நிதானமாகத் தேடுவான். பக்கவாட்டில் மாற்று வீரர் கை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஆடுபவன் முதல் ஆள் அடைபட்டதும் ஓடத்தான் செய்வான்.

நான்காம்கால்:
பேக்கர் மேஃபீல்ட், கைலர் மரி என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஹெய்ஸ்மன் வென்ற அமைப்பு ரைலியுடையது. அங்கே யார் போனாலும் எண்கள் வரும். உண்மையான நெருக்கடி வந்தபோது எல்.எஸ்.யு. (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 63-28 என்று நொறுக்கியதே, அதை விட்டுவிட்டீர்கள். வழக்கம்தான். சென்ற ஆண்டு டுவா இழையில் அவரை 'ஒரே பாஸ் வீரர்' என்று எழுதிவிட்டு, நான் கேள்வி கேட்டதும் பதிவை நீக்கியவர்தானே நீங்கள்.

மேற்குக்கரை:
நீக்கியது நெறியாளர். நீக்கக் காரணம், அதன் கீழே நீங்கள் எழுதிய வசவு. என் வரி இன்றும் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் இங்கேயே ஒட்டுகிறேன்.

நெறியாளர்:
ஒட்ட வேண்டாம். இரண்டையும் நீக்கியது நான்தான். ஹர்ட்ஸைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

ஹூஸ்டன்வாசி:
ரைலியின் அமைப்பில் யார் போனாலும் எண்கள் வரும் என்றால், 2020இல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வீரர் தேர்வில் 53ஆவது ஆளாக ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், 2025 பிப்ரவரியில் அந்த லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில் சிறந்த வீரர் விருது வாங்கியது எந்த அமைப்பு? சேனல்வியூ அமைப்பு.

நான்காம்கால்:
பெஞ்சின் அமைப்பு. அடி வாங்கியவனுக்குத்தான் அது வரும்.

மேற்குக்கரை:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 2018 ஜனவரி 8 ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் ஜார்ஜியா 20-7 என்று முன்னிலையில் இருந்தபோது டுவா ஓர் இன்டர்செப்ஷன் வீசினார். எங்கள் தற்காப்பு வீரர் ரேக்வான் டேவிஸ் உடனடியாகப் பந்தை மீட்டுக் கொடுத்ததால் தப்பினோம். கூடுதல் நேரத்தின் முதல் முயற்சியில் அதே டுவா பின்னோக்கி ஓடி 16 யார்டு இழந்தார். முதலாண்டு மாணவனுக்குரிய தவறு, இரண்டும். தவறு செய்தவனை உட்கார வைப்பதுதான் வளர்க்கும் முறை என்றால், அந்த இரண்டு இடங்களிலும் சேபன் ஏன் டுவாவை உட்கார வைக்கவில்லை? இதற்கு எண் வேண்டாம், ஒரே ஒரு வாக்கியம் போதும்.

நான்காம்கால்:
டுவா அதற்குள் ஒரு டச்டவுன் வீசியிருந்தார். ஹர்ட்ஸ் முதல் பாதி முழுவதும் ஒன்றுகூட வீசவில்லை.

மேற்குக்கரை:
கேள்வி அதுவன்று.

நான்காம்கால்:
கேள்வியை நீங்கள் மாற்றிக்கொண்டே இருந்தால் நான் என்ன செய்ய? எட்டுக்கு மூன்றைப் பற்றி முதலில் பதில் சொல்லுங்கள், 16 யார்டைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

புள்ளிவிவரப்பித்தன்:
அந்த எட்டு வீச்சுகளில் எத்தனை, ரிசீவர் கைக்குப் போய் நழுவியவை என்று யாராவது ஆட்டப்பதிவை வைத்துப் பிரித்துப் பார்த்தீர்களா? அதைப் பார்க்காமல் இரண்டு பேரும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

நான்காம்கால்:
நழுவினாலும் பலகையில் எட்டுக்கு மூன்றுதான்.

மேற்குக்கரை:
நாளை மாலை ஆட்டப்பதிவின் முதல் பாதியை ஒவ்வொரு முயற்சியாகப் பிரித்து எழுதுகிறேன். உதைப்பாளர் தவறவிட்டதும் அதில் வரும்.