பாஸ்வேர்டு மாற்றியும் மெயிலுக்குள் ஆள் இருக்கிறான், என்ன செய்ய?

காஜாபட்டன்_திருப்பூர்:
வணக்கமுங்க. ஆறு மிஷின் போட்டுச் சின்னதாக காஜா பட்டன் ஜாப் ஒர்க் பண்றேன். பில், சலான் எல்லாம் ஜிமெயிலில்தான். முந்தாநாள் காலையில் மெயில் திறக்கவில்லை, மீட்பு நம்பரையும் மாற்றிவிட்டிருந்தான். நல்லவேளை, பழைய நம்பருக்கே கோடு வந்தது, உள்ளே போய்ப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். சரி முடிந்தது என்று இருந்தால், நேற்றுப் பொழுதோட ஒரு பார்ட்டி போன் பண்ணி, "புது பேங்க் அக்கவுண்ட்டுக்கே போட்டுடட்டுங்களா?" என்கிறார். நான் அப்படி மெயிலே போடவில்லை, அனுப்பியதிலும் ஒன்றும் இல்லை.

நொய்யல்கரை:
செல்லை ரீசெட் அடிச்சு விடுங்க.

ஈரோட்டுக்காரன்:
ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க. கணக்கு மறுபடி பூட்டிக்கொண்டால், நீங்கள் வழக்கமாகத் திறக்கிற செல்லும் வழக்கமான இடமும்தான் கூகுளுக்கு உங்களை அடையாளம் காட்டும். மீட்பு நம்பரை மாற்றினாலும் 7 நாள் வரைக்கும் பழைய நம்பருக்குக் கோடு வர வாய்ப்பு உண்டு, அதில்தான் தப்பித்திருக்கிறீர்கள்.
ஒன்று சொல்லுங்க, பாஸ்வேர்டு மாற்றியது எந்த கம்ப்யூட்டரில்? சமீபத்தில் ஆர்டர் ஷீட் என்று ஏதாவது வந்து திறந்தீர்களா?

காஜாபட்டன்_திருப்பூர்:
ஆமாங்க, ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான். போன வாரம் ஒரு ஜிப் ஃபைல் வந்தது, உள்ளே பிடிஎஃப் மாதிரி இருந்தது, கிளிக் பண்ணினேன், ஒன்றுமே திறக்கவில்லை.

ஈரோட்டுக்காரன்:
அதேதான். விண்டோஸ் ஃபைல் பேரின் கடைசி எழுத்துகளை மறைத்துவிடும், பிடிஎஃப் என்று தெரிவதற்குப் பின்னால் இஎக்ஸ்இ, அதாவது கிளிக் பண்ணினால் ஓடுகிற புரோகிராம், ஒளிந்திருக்கும். அந்த கம்ப்யூட்டரில் நீங்கள் எத்தனை தடவை மாற்றினாலும் புதுப் பாஸ்வேர்டு அவனுக்கும் போகும். அதை நெட்டிலிருந்து கழற்றிவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லுங்க. பாஸ்வேர்டை வேறு கம்ப்யூட்டரில் மாற்றி, தெரியாத சாதனங்களை எல்லாம் வெளியேற்றிவிடுங்க.
அப்புறம் ஜிமெயில் செட்டிங்ஸில் பில்டர் (வருகிற மெயிலைத் தானாகப் பிரித்து வைக்கிற, அழிக்கிற விதி), பார்வர்டிங் (மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது) இரண்டையும் பாருங்க. செல் ஆப்பில் பில்டர் தெரியாது, கம்ப்யூட்டரில்தான் பார்க்கணும். ஆள் ஒளிந்திருக்கிற இடம் பெரும்பாலும் அதுதான், பாஸ்வேர்டு மாற்றினாலும் பில்டர் அப்படியே இருக்கும்.
பார்ட்டிக்கு வந்த மெயிலின் முழு முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்க. பணம் யாராவது போட்டிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடச் சொல்லுங்க.

மஞ்சமண்டி:
இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போடுங்க, பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும். செல் கையில் இல்லாதபோது உள்ளே போக 10 பேக்கப் கோடு தருவான், எட்டெட்டு எண். நான் பில் புக் அட்டைக்குள் எழுதி வைத்திருக்கிறேன், என் வீட்டுக்காரம்மா அதைக் காய்கறிக் கணக்கு என்று நினைத்துக் கிழிக்கப் பார்த்தது வேறு கதை.

காஜாபட்டன்_திருப்பூர்:
அண்ணா, இருந்ததுங்க! 'பேமெண்ட்' என்று வருகிற மெயில் எல்லாம் எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்விட்டு இங்கே டெலீட் ஆகிற மாதிரி ஒரு பில்டர். பார்ட்டிக்கு வந்த மெயில் என்னுடையதே இல்லை, என் பேரில் 'எம்' வருகிற இடத்தில் 'ஆர்' 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டிருக்கிறான், கண்ணாடி போட்டுப் பார்த்தும் எனக்கே முதலில் தெரியவில்லை. அவர் பணத்தை நிறுத்திவிட்டார். கரூர்க்காரர் ஒருத்தர் மட்டும் நேற்றே 38,000 போட்டுவிட்டாராம், இப்போதுதான் 1930க்குப் பேசிக்கொண்டிருக்கிறார். மற்ற பார்ட்டிகளுக்கு ஒவ்வொருத்தராகப் போன் போடுறேன், முடிச்சிட்டு வர்றேனுங்க.