மழைக்குப் பின் உதறி ஓடும் மின்சார சைக்கிள் மோட்டார்: புதிது வாங்குமுன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி (நோர்வூட்)

வணக்கம். என்னிடம் பின்சக்கரத்தின் நடுவே மோட்டார் பொருத்திய 48 வோல்ட் மின்சார சைக்கிள் இருக்கிறது. மோட்டார், உள்ளே பற்சக்கரங்கள் கொண்ட வகை. தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு வேலைக்குப் போய்வர இதையே நம்பியிருக்கிறேன். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கியதிலிருந்து, நின்ற நிலையில் கைப்பிடியிலுள்ள வேகத்திருகியை (த்ரொட்டில்) திருப்பினால் சக்கரம் முன்னும் பின்னுமாக உதறி, உறுமிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. காலால் உந்தி ஓரளவு வேகம் பிடித்தபின் திருப்பினால் ஓடுகிறது. ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. பழுதுபார்க்கும் இடத்தில் மீற்றர் வைத்துப் பார்க்காமலேயே, சுருள் எரிந்துவிட்டது, புது மோட்டார் போட வேண்டும் என்றார்கள். அத்தனை செலவுக்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர் ஒன்று கைவசம் உள்ளது.

பதில் (பண்டாரவளை)

தம்பி, சோதனை முடியும்வரை ஏற்றத்தில் த்ரொட்டிலைப் பிடித்து முறுக்காதீர்கள். சக்கரம் சுழலாமல் உதறும்போது உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. இப்போது நன்றாக இருக்கும் சுருளும், மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் பெட்டியான கொன்ட்ரோலரும் அதனால்தான் எரியும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி சுருளைவிட ஹால் சென்சரையே காட்டுகிறது. மோட்டாருக்குள் இருக்கும் மூன்று ஹால் சென்சர்கள், காந்தங்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதைக் கொன்ட்ரோலருக்குச் சொல்கின்றன. மூன்றும் சேர்ந்து ஆறு நிலைகளைத் தர வேண்டும். ஒரு சென்சரின் சமிக்ஞை மாறாமல் நின்றுவிட்டால் அந்த ஆறில் மூன்று பிழையாகிவிடும்; கொன்ட்ரோலர் தவறான சுருளுக்கு மின்சாரம் அனுப்பும், சக்கரம் உதறும். சில கொன்ட்ரோலர்கள் வேகம் வந்தபின் சென்சர் இல்லாமலே மோட்டாரின் நிலையைக் கணித்துக்கொள்ளும். உந்தியபின் உங்கள் சைக்கிள் ஓடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய ஐந்து வயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு மின்வழங்கலுக்கு, கறுப்பு தரைக்கு, மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய மூன்றும் சமிக்ஞைகளுக்கு. இணைப்பியைக் கழற்றாமல், அதன் பின்புறமாக மீற்றர் ஊசியைச் செருகி, சாவியைப் போட்டு, முதலில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஏறக்குறைய 5 வோல்ட் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். அது வராவிட்டால் மற்றவற்றைப் பார்ப்பதில் பயனில்லை. பிறகு சக்கரத்தை மிக மெதுவாகக் கையால் பின்னோக்கிச் சுழற்றுங்கள். பற்சக்கர மோட்டாரில் ஒருவழிக் கிளட்ச் இருப்பதால், முன்னோக்கிச் சுழற்றினால் வெளிக்கூடு மட்டுமே சுற்றும். இதை அறியாமல் மூன்று சென்சரும் போய்விட்டன என்று முடிவு செய்பவர்கள் உண்டு. ஒவ்வொரு சமிக்ஞையும் 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி வர வேண்டும்.

பதில் (கொட்டகலை)

பண்டாரவளை அண்ணன் சொன்னதோடு சுருளுக்கான சோதனையையும் செய்துவிடுங்கள். மீற்றரில் ஓம் அளந்து இதைத் தீர்மானிக்க முடியாது. மோட்டார்ச் சுருளின் தடை ஒரு ஓமுக்கும் குறைவு, சாதாரண மீற்றர் அதைச் சரியாகக் காட்டாது. பற்றரியைத் துண்டித்து, தடித்த மூன்று வயர்களையும் கொன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். அந்த வயர்கள் ஒன்றையொன்று தொடாத நிலையில், பின்னோக்கிச் சுழற்றும்போது சக்கரம் ஓரளவு எளிதாகச் சுழல வேண்டும். பிறகு அவற்றில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துச் சுழற்றினால், மூன்று சோடிகளிலும் ஒரே அளவான இறுக்கம் தெரிய வேண்டும். ஒரு சோடியில் இறுக்கமே இல்லையென்றால் அங்கே சுருளோ வயரோ அறுந்திருக்கிறது. எதையும் சேர்க்காதபோதே இறுக்கமாக இருந்தால்தான் சுருள் எரிந்ததாகச் சந்தேகிக்க வேண்டும்.

பற்சக்கரம் தேய்ந்தாலும் கரகரப்பு வரும். ஆனால் அது வேகம் கூடும்போதும் தொடரும், உங்களுக்கு அப்படியில்லை.

நோர்வூட் அன்பர்

ஐயா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று சோடிகளிலும் இறுக்கம் ஒன்றுபோலவே இருக்கிறது. கழற்றி வைத்தால் சக்கரம் எளிதாகச் சுழல்கிறது. 5 வோல்ட் வருகிறது. மஞ்சளும் நீலமும் மாறுகின்றன, பச்சை மட்டும் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது. இணைப்பியைத் திறந்தபோது ஊசிகளில் களிம்பு படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்தும் மாற்றமில்லை. ஆனால் அச்சுக்குள் வயர் நுழையும் இடத்தில் சற்று வளைத்துப் பிடித்தால் பச்சையும் மாறத் தொடங்குகிறது. அந்த இடத்தில் மேலுறை நசுங்கியிருக்கிறது.

பதில் (பண்டாரவளை)

அப்படியானால் சென்சரும் நன்றாக இருக்கிறது, சுருளும் நன்றாக இருக்கிறது. பழுது அந்த நசுங்கிய வயரில்தான். சமிக்ஞை வயரைக் கொன்ட்ரோலர் உள்ளிருந்தே 5 வோல்ட்டுக்கு இழுத்து வைத்திருக்கும், சென்சர் அதைக் கீழே இறக்கும். ஆகவே வயர் அறுந்தால் மீற்றரில் 5 வோல்ட் நிலையாக நிற்கும்.

இதைச் சரிசெய்யும்வரை சைக்கிளை எடுக்கவே வேண்டாம். முழுமையாகச் சார்ஜ் ஆன 48 வோல்ட் லித்தியம் பற்றரி ஏறக்குறைய 54.6 வோல்ட் தரும். நசுங்கிய இடத்தில் தடித்த வயரொன்று 5 வோல்ட் வயரைத் தொட்டால் மூன்று சென்சர்களும் கொன்ட்ரோலரும் ஒரே நொடியில் போய்விடும்.

மோட்டாரைத் திறந்து, அச்சின் துளை வழியாகப் புதிய வயர்க்கட்டு ஒன்றை இழுத்து, உள்ளே ஒவ்வொரு வயரையும் அதே நிறத்தோடு சோல்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாயைத் தனித்தனியே போடச் சொல்லுங்கள். வெளியே இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுவது நம் மழையில் நிலைக்காது.

பதில் (கொட்டகலை)

மேலுறை ஏன் நசுங்கியது என்பதையும் பாருங்கள். ஏற்றத்தில் மோட்டார் இழுக்கும்போது அச்சு எதிர்த்திசையில் திரும்ப முயலும். நட்டு சற்றுத் தளர்ந்திருந்தால் அச்சே உருண்டு வயரை முறுக்கிவிடும். ஹட்டன், நானுஓயா பக்கத்து ஏற்றங்களில் ஓட்டுபவர்களுக்கு, அச்சைப் பிடித்துச் சட்டத்தோடு பூட்டும் இரும்புத் தகடு, அதாவது டோர்க் ஆர்ம், கட்டாயம் தேவை. சட்டத்தில் அச்சு அமரும் பிளவின் ஓரங்கள் அகன்றிருக்கின்றனவா என்று பார்த்து, நட்டுகளை இறுக்கியபின், வயர் அச்சிலிருந்து முதலில் கீழ்நோக்கி வளைந்து பிறகு மேலேறும்படி கட்டுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், அச்சுக்குள் போகாது.