ரங்கூனில் வால்வு சாவி செய்து தரக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. எங்கள் கோயில் வளாகத்தில் தீயணைப்புக்கென்று பழைய காலத்தில் பதித்த குழாய் ஒன்று இருக்கிறது. அதன் வால்வு நாலடிப் பள்ளத்துக்குள். திறக்கும் நீளச் சாவி, அதுதான் டி வடிவக் கைப்பிடி வைத்த இரும்புத் தடி, காணாமல் போய்விட்டது. போன வாரம் ஒரு தம்பி பைப் ரெஞ்சு போட்டுத் திருகப் பார்த்தார். சாவி மாட்டும் வால்வின் சதுரத் தலையில் ஒரு மூலை மழுங்கிவிட்டது. இனி அப்படி யாரையும் தொட விடமாட்டேன்.

சதுரத் தலையை அளந்தேன்: மேலே 28 மில்லிமீட்டர், அடியில் 32. சரிவாக இருப்பதால் சாவியின் குழியும் அதே சரிவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கி மிச்ச மூலைகளும் போய்விடும். தடி ஐந்தடியாவது வேண்டும், பள்ளத்துக்கு வெளியே நின்று திருப்ப.

இந்த அளவில் செய்யத் தெரிந்த லேத் பட்டறை எது? பழைய சாவி வைத்திருப்பவர்கள் ஒரு நாள் இரவல் கொடுத்தாலும் போதும்.

அப்புறம் இன்னொன்று. இந்த வால்வு எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வலப்பக்கம் மூடுவதும் உண்டு, இடப்பக்கம் மூடுவதும் உண்டு. தெரியாமல் பலம் கொடுத்தால் தண்டு முறிந்துவிடும். மெதுவாகத்தான் திருப்புவோம், சட்டென்று மூடினால் தண்ணீர் அடித்துக் குழாயே வெடிக்கும் என்று தெரியும்.

தெருவில் இருக்கும் நகராட்சி ஹைட்ரண்டை, அதாவது தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயை, தொடப்போவதில்லை. தீ என்றால் முதலில் தீயணைப்புத் துறையின் 191 எண்தான். ஆனால் மார்ச், ஏப்ரல் வெயிலில் வண்டி வந்து சேரும்வரை கையில் தண்ணீர் வேண்டுமே. தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கேயே சொல்லுங்கள்.