காது ஆபரேஷனுக்குப் பின் வாந்தி: முன்கூட்டியே தடுக்க மருந்து உண்டா?

ஜன்னல்சீட்:
அடுத்த வாரம் எனக்குச் செவிப்பறை ஓட்டையை அடைக்கும் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுப்பார்களாம். கத்தியை நினைத்துப் பயமில்லை, வாந்தியை நினைத்தால்தான் பயம். பஸ் ஏறினாலே குமட்டுகிற ஆள் நான். முன்பு பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததிலிருந்து ராத்திரி வரை வாந்தி. வந்தபிறகு ஊசி போடாமல், வருமுன்பே தடுக்க முடியுமா? ஒட்டிய சவ்வு பெயர்ந்துவிடுமோ என்றும் கவலை.

ரெக்கவரி அறை நர்ஸ்:
முடியும். ஆனால் மேலே எழுதியதை அப்படியே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். காது டாக்டரிடம் மட்டும் சொன்னால் போதாது. பெண், சிகரெட் பிடிக்காதவர், பயண வாந்தி அல்லது முன்பு மயக்கத்துக்குப் பின் வாந்தி, ஆபரேஷனுக்குப் பின் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிமருந்து: இந்த நாலையும் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். நாலும் இருந்தால் வாய்ப்பு 80 சதவீதத்தை ஒட்டி வரும். சமநிலை உறுப்பு காதுக்குள்ளேயே இருப்பதால் இந்த ஆபரேஷனில் தொல்லை இன்னும் கூடுதல்.

எங்கள் தியேட்டரில் மயக்கம் கொடுத்தவுடன் டெக்ஸாமெதசோன் (ஸ்டீராய்டு) 4 முதல் 8 மி.கி., முடியும் தறுவாயில் ஆன்டான்செட்ரான் (வாந்தித் தடுப்பு மருந்து) 4 மி.கி. முதலாவது வேலைசெய்ய நேரம் பிடிக்கும், அதனால் முன்பே போட்டுவிடுவோம். இரண்டும் வெவ்வேறு வழியில் தடுப்பதால் சேர்த்துக் கொடுப்பதே மேல். வாயு மயக்கத்துக்குப் பதில் புரோப்போஃபாலை நரம்பு வழியே ஓடவிட்டால் இன்னும் நல்லது. நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு நடுக்காதில் புகுந்து அழுத்தம் கூட்டும், ஒட்டுக்கும் ஆகாது.

விழித்ததும் தலையைச் சட்டென்று திருப்பாதீர்கள். ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளினாலும் குமட்டும் (இதற்காக நான் போடாத சண்டையில்லை).

சர்க்கரைக்காரன்:
டெக்ஸாமெதசோனால் எனக்குச் சர்க்கரை ஏறியது. இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இசிஜியில் க்யூடி (இதயத் துடிப்பின் ஒரு மின் இடைவெளி) நீளம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும்; ஆன்டான்செட்ரானுக்கு அது முக்கியம். அப்புறம் அந்த மருந்தால் வரும் மலச்சிக்கல், அது தனிக் கதை.

ஜன்னல்சீட்:
சர்க்கரை இல்லை. இவ்வளவும் போட்டும் வாந்தி வந்தால் அதே ஊசிதானா?

ரெக்கவரி அறை நர்ஸ்:
இல்லை. 6 மணி நேரத்துக்குள் அதையே திரும்பப் போட்டுப் பெரிய பலன் கிடையாது. டிராபெரிடால், ப்ரோமெத்தசின் போல வேறு வகை கொடுப்பார்கள். சில மருந்துகள் தூக்கத்தைக் கூட்டும், பரவாயில்லை. குமட்ட ஆரம்பித்ததுமே கூப்பிடுங்கள், கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள். டிஸ்சார்ஜின்போது நாக்கில் கரையும் ஆன்டான்செட்ரான் மாத்திரை கேளுங்கள். வீட்டில் தலை கடுமையாகச் சுற்றி வாந்தி நிற்காமல் வந்தால் மாத்திரையை நம்பி உட்காராமல் உடனே காது டாக்டரைக் கூப்பிடுங்கள். உள்காதில் ஏதாவது கோளாறா என்று பார்க்க வேண்டியிருக்கும்.