தாயக்கட்டையில் வெறும் பக்கமே விழுது, கை-ஸ்கொயர் 8.22 வருது. கட்டை கோணலா?

வண்ணாரப்பேட்டை_மாணவி:
மிண்ட் தெருவில் வாங்கின பித்தளைத் தாயக்கட்டை. ஒத்தைக் கட்டையை 60 தடவை உருட்டினேன். வெறும் பக்கம் 22, ஒண்ணு 12, ரெண்டு 15, மூணு 11. சதவீதத்துல 36.67, 20, 25, 18.33. ஒவ்வொண்ணும் 25 வரணும்னு வெச்சுப் போட்டா கை-ஸ்கொயர் (chi-square, எதிர்பார்த்ததுல இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு சொல்ற எண்) 8.22. டேபிள்ல 5 சதவீத எல்லை (சரியான கட்டையா இருந்தா நூத்துக்கு அஞ்சு தடவைதான் தாண்டும்) 7.815. கட்டை சரியில்லைன்னு எழுதிடலாமா?

தண்டையார்பேட்டை_புள்ளியியல்:
எழுதிடாதீங்கம்மா. சதவீதத்துல போட்டதுதான் தப்பு. 60 உருட்டை 100 உருட்டுன்னு சொன்ன மாதிரி ஆகி, விடை 100/60 மடங்கு ஊதிடுச்சு. எண்ணிக்கையிலேயே போடுங்க. எதிர்பார்ப்பு 15, வித்தியாசம் 7, -3, 0, -4. வர்க்கங்களைக் கூட்டினா 74, அதை 15-ஆல வகுத்தா 4.93. நாலு பக்கம், அதுல ஒண்ணு குறைச்சா டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (டேபிள்ல எந்த வரின்னு சொல்ற எண்) 3, எல்லை நீங்க பார்த்த 7.815-தான். உள்ளேயே நிக்குது.

அதுக்காகக் கட்டை சமம்னு ஆகிடாது. 60 உருட்டுக்குச் சின்னக் கோணல் மாட்டாது. புதுசா 240 உருட்டுங்க. பழைய 60-ஐச் சேர்க்காதீங்க, சந்தேகத்தைக் கிளப்பினதே அதுதான். நடுவுல எல்லை தாண்டுச்சுன்னு நிறுத்தவும் கூடாது. 1900-ல கார்ல் பியர்சன் இந்தச் சோதனையைக் கொண்டு வந்தப்பவும் பகடை எண்ணிக்கையைத்தான் போட்டுக் காட்டினார்.

கொருக்குப்பேட்டை_லேத்:
சிமென்ட் தரையில ரெண்டடியாவது ஓடட்டும். கையில இருந்து அப்படியே வெச்சா கணக்கே வீண். வெறும் பக்கத்துக்கு எதிர்ல எது? புள்ளி குடைஞ்ச பக்கம் எடை குறைஞ்சு மேல நிக்கும், வெறும் பக்கம் கனத்துல கீழ போகும். உங்களுக்குத் தலைகீழா வருது. எனக்கு வடிவத்து மேலதான் சந்தேகம், வெர்னியர் (நுணுக்கமா அளக்குற கருவி) வெச்சுப் பாருங்க.

வண்ணாரப்பேட்டை_மாணவி:
எதிர்ல ரெண்டு, அண்ணா. வெறும் பக்கத்துக்கும் ரெண்டுக்கும் நடுவே 11.6 மி.மீ., ஒண்ணுக்கும் மூணுக்கும் நடுவே 12.1. புது 240-ல வெறும் 80, ஒண்ணு 48, ரெண்டு 67, மூணு 45.

தண்டையார்பேட்டை_புள்ளியியல்:
எதிர்பார்ப்பு 60. (400+144+49+225)/60 = 13.63. ஒரு சதவீத எல்லை 11.345-ஐயே தாண்டிடுச்சு, இப்போ தாராளமா எழுதுங்க. வெறும், ரெண்டு சேர்ந்து 147. ஒண்ணு, மூணு சேர்ந்து 93. வெர்னியர் சொன்னதும் இதேதான்.

கொருக்குப்பேட்டை_லேத்:
ஆமாம்மா, வெறும் பக்கமும் ரெண்டும் அரை மி.மீ. அகலம் கூட. அதுல படுத்தா கட்டை தாழ்வா உட்காரும், புரள மாட்டேங்குது. ஒண்ணு, மூணு பக்கங்களை நைஸ் அரத்தால கால் கால் மி.மீ. இழைச்சு, எமரி பேப்பர் போடுங்க. புள்ளி மேலோட்டமா இருந்தா அழிஞ்சிடும், முதல்ல ஆழம் பாருங்க. அப்புறம் இன்னொரு 240, முதல்ல இருந்து.