புகையிலிருந்து பிழைத்த நாய், சில நாள் கழித்து மாறிப்போனது: உங்களுக்கும் நேர்ந்ததா?

மாடிவீட்டுக்காரர்:
இன்வெர்ட்டர் தீப்பிடித்து, பூட்டிய ஹாலில் சோபா எரிந்த கதை வேண்டாம். ராணியை மயக்கத்தில்தான் தூக்கி வந்தார்கள். ஆக்சிஜன் வைத்த மறுநாளே தயிர்சாதம் தின்றாள், வாலாட்டினாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு காலையில் பார்க்கிறேன், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள மூலையில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்கிறாள். கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. இழுத்துத் திருப்பினேன், மறுபடியும் அதே மூலை. தேறிய நாய்க்கு இது எப்படி வரும்?

பெரம்பூர் அண்ணாச்சி:
தேறிவிட்டது என்றால் புகையின் வேலை அத்தோடு முடிந்தது. இது வேறு நோய். உண்ணிக்காய்ச்சல் பார்த்தீர்களா? எங்கள் மணி ஒவ்வொரு போகிக்கும் இருமுவான், பொங்கலன்று கரும்பு கடிப்பான்.

சிப்பிப்பாறை வளர்ப்பவள்:
அண்ணாச்சி, தெருவில் எரியும் போகியும் பூட்டிய அறையில் எரியும் சோபாவும் ஒன்றா? எங்கள் வேட்டை நாய் ஜெனரேட்டர் அறையில் மாட்டிக்கொண்டது. நன்றாக எழுந்து ஓடியது. அடுத்த வாரம் பின்னங்கால் பின்னிக்கொண்டு விழுந்தது.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஃபோம் எரிந்தால் சயனைடும் சேரும். அது வந்து சேர்ந்த ஆக்சிஜனையும் செல்கள் பயன்படுத்த விடாது. இரண்டிலும் முதலில் அடிபடுவது மூளை. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை மெதுவாகத்தான் சிதையும். அதனால் தள்ளாட்டம், வலிப்பு, பார்வைக் குறைவு எல்லாம் சில நாள் கழித்து வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க நாக்கில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் கணக்கில் சேர்த்து 98 என்று காட்டும். அதே வாயுவால் ஈறு செக்கச்செவேல் என்றிருப்பதைப் பார்த்து ‘நல்ல ரத்தம்’ என்று மகிழ்வதும் வேண்டாம். காதும் போகக்கூடும், முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டுப் பாருங்கள். வழுக்கும் டைல்ஸ் மேல் சாக்கு விரியுங்கள். மாடிப்படிக்குத் தடுப்பு வையுங்கள். ஸ்டீராய்டு போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பெரம்பூர் அண்ணாச்சி:
இவ்வளவு தெரிந்தவர் நாயை ஏன் ஜெனரேட்டர் அறைக்குள் விட்டீர்கள்?

மாடிவீட்டுக்காரர்:
சண்டை வேண்டாம். உண்ணிக்கு ரத்தம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. தட்டைப் போட்டேன், திரும்பவில்லை. வலிப்பு மருந்து போகிறது. சுவரை முட்டுவது குறைந்திருக்கிறது. இரவில் மட்டும் இடப்பக்கமாகவே வட்டமடிக்கிறாள். இந்த நிலையிலிருந்து மீண்ட நாய் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். போகிக் கதை போதும்.