வேலிக்குப் பின்னால இருக்கிற காட்டை என்ன செய்றது?

மதுரைக்காரி:
மேற்கு சிட்னியில ஓடையை ஒட்டின தெரு எங்களோடது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் கவுன்சில் நிலம், பழைய காடு. பக்கத்து வீட்டுக்காரர் வெட்டின புல், கிளை எல்லாத்தையும் வேலிக்கு மேல அங்கதான் வீசுறார். கேட்டா "மக்கி உரமாத்தானே போகும்"கிறார். அந்தக் குவியல்லேர்ந்து மார்னிங் குளோரிக் கொடி கிளம்பி இப்ப ரெண்டு மரத்தை மூடிடுச்சு. பக்கத்துல குடியிருக்கிற நாம இதுக்கு என்ன செய்யலாம்?

டூங்காபி துரை:
காடுன்னு பெரிய பேரா வைக்காதீங்க. முக்காவாசி உண்ணிச்செடிதான், இங்க லன்டானாங்கிறாங்க. போன கோடையில என் கொல்லையில சிவப்பு வயித்துக் கறுப்புப் பாம்பு. தீப்பிடிச்சா முதல்ல எரியறது நம்ம வீடு. பாப்கேட் மண்வாரி இயந்திரம் விட்டு ஒரே நாள்ல வழிச்சுட்டு புல் போட்டா வேலை முடிஞ்சது. 10/50 சட்டத்துல வெட்டிக்க உரிமையும் இருக்கே!

நல்லூரான்:
துரை அண்ணை, அந்தச் சட்டம் 2013 புளூ மவுண்டன்ஸ் காட்டுத்தீக்குப் பிறகு 2014இல வந்தது. எல்லா வீட்டுக்கும் இல்லை; கிராமியத் தீயணைப்புச் சேவையின்ர இணையத்தளத்தில உங்கட முகவரியைப் போட்டுப் பாருங்கோ. இருந்தாலும் உங்கட காணிக்குள்ள மட்டும்தான்: வீட்டில இருந்து 10 மீற்றருக்குள்ள மரம், 50 மீற்றருக்குள்ள மரம் தவிர்ந்த கீழ்ப்புதர் வெட்டலாம். வேலிக்கு அங்கால கை வைச்சால் அபராதக் கடிதம் உங்கட பேருக்குத்தான் வரும். பாம்பையும் அடிக்கேலாது, சட்டம் பாதுகாக்கிற உயிர்.

தீ எண்டு சொல்றியள். வேலியோட காய்ஞ்சு கிடக்கிற வெட்டுப்புல் குவியலை விட நல்ல விறகு வேற என்ன?

டூங்காபி துரை:
சரி, சட்டத்தை விடுங்க. வெறும் களைக்கு எதுக்குப் பாதுகாப்பு? அதைச் சொல்லுங்க.

நல்லூரான்:
களைக்கு இல்லை அண்ணை, அதுக்குக் கீழ கிடக்கிறதுக்கு. இது கம்பர்லாந்து சமவெளிக் காடு. முந்தி இருந்ததில பத்தில ஒரு பங்குகூட இப்ப இல்லை. 2009இல மத்திய அரசே அழிவின் விளிம்பில இருக்கிற காடு எண்டு பட்டியலில போட்டது. உங்களுக்குக் குப்பையாத் தெரியிற அந்த முள்ளுப் பத்தை பர்சேரியா, கோடையில வெள்ளையாப் பூக்கும். கங்காருப் புல்லும் இருக்கு. புல்டோசரால வழிச்சால் முதல் மழைக்கு முளைக்கிறது லன்டானாவும் பிரிவெட் எண்ட களைப்புதரும்தான்.

மதுரைக்காரி:
ஒரு வேடிக்கை. ஊட்டியில தைலமரத்தைத் திட்டித் திட்டி வளர்ந்தவங்க நாம, இங்க அது சொந்த ஊர்க்காரன். உண்ணிச்செடியோ முதுமலையிலயும் வந்தேறி, இங்கயும் வந்தேறி.

ஆனா துரை சார், அந்த உண்ணிப்புதருக்குள்ளதான் நீலத்தலை ரென் குருவி ஒளியுது. மொத்தமா எடுத்தா அது எங்க போகும்?

நல்லூரான்:
அதாலதான் துண்டு துண்டா எடுக்கிறது. சிட்னி மொஸ்மனில பிராட்லி சகோதரிகள், ஜோனும் ஐலீனும், 1960களில நடக்கப் போகேக்க களை பிடுங்கிப் பிடுங்கியே இந்த முறையைக் கண்டவை. எல்லாரும் கொடி மண்டின மோசமான இடத்திலதான் போய் விழுவினம். அவை நேர்மாறு: நல்லா இருக்கிற இடத்தில துடங்கிக் கெட்ட இடத்தை நோக்கிப் போறது. மண்ணைக் கிளறாதே, சருகைத் திரும்ப மூடு. ஊர்ச்செடி எவ்வளவு கெதியா முளைக்குதோ அந்த வேகத்துக்கு மேல போகாதே.

செம்பருத்தி:
அழகாப் பேசுறீங்க. ஆனா காட்டுல களை எடுக்கிற உங்க புஷ்கேர் தன்னார்வ ஆட்கள் கையில கிளைஃபோசேட் களைக்கொல்லி பாட்டில் இருக்கிறதை நானே பார்த்தேன். ஓடைக்கரையில விஷம் வைக்கிறது பாதுகாப்பா? என் ஓட்டு உங்களுக்கும் இல்ல, துரைக்கும் இல்ல. கையால பிடுங்க முடிஞ்சதைப் பிடுங்குங்க, மத்ததை விடுங்க.

நல்லூரான்:
தெளிக்கிறதில்லை தங்கச்சி. பிரிவெட்டை நிலத்தோட ஒட்டி வாளால அறுப்பம். அறுத்த கையோட, அரை நிமிஷத்துக்குள்ள, அந்த வட்டத்தில மட்டும் சின்னப் போத்தலால ஒற்றி விடுறம். பிந்தினால் உள்ளுக்கு இழுக்காது. பூசாமல் விட்டால் ஒரு கொம்பு போய் ஏழு கொம்பு வரும். ட்ராட் எண்ட படர்செடிக்கு மருந்தே வேண்டாம், பாய் மாதிரிச் சுருட்டி எடுக்கலாம். ஆனா ஒரு கணு மிஞ்சினாலும் திரும்பப் படரும். மூண்டு தரம் அதே இடத்துக்குப் போயிருக்கிறன்.

செம்பருத்தி:
பிடுங்குற வரைக்கும் வர்றேன். பாட்டிலைத் தொட மாட்டேன்.

டூங்காபி துரை:
மாசத்துக்கு ஒரு ஞாயிறு, எட்டு பேர், அதுல அஞ்சு பேர் ரிட்டயர்டு. களை ஒரு வாரத்துல வளர்றதை நீங்க மூணு மணி நேரத்துல எடுப்பீங்களா? கணக்கு உதைக்குது.

நல்லூரான்:
உதைக்கும். அதுக்குத்தான் வேலியில இருந்து துடங்கச் சொல்றது. அங்கால கொட்டுறது நிண்டால் எங்கட வேலை பாதியாக் குறையும். மதுரைக்காரி, பக்கத்து வீட்டுக்காரரோட சண்டை பிடிக்காதேங்கோ. தோட்டக் கழிவு போடுற உங்கட பச்சை மூடித் தொட்டியில இடமிருந்தால் அவரையும் அதில போடச் சொல்லுங்கோ. அதுக்கும் கேக்காட்டில் படம் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்புங்கோ, அங்க கொட்டுறது குற்றம்.

டூங்காபி துரை:
என் வாசல்ல வரிசையா அகபாந்தஸ் பூச்செடி வச்சிருக்கேன். அதையும் பிடுங்கச் சொல்வீங்க போல?

நல்லூரான்:
வேண்டாம். பூ வாடினதும் விதை பிடிக்க முதல் தலையைக் கத்தரிச்சுக் குப்பைத் தொட்டியில போடுங்கோ, அது காணும்.

டூங்காபி துரை:
அதைச் செய்றேன். பாம்பு வந்தா மட்டும் உங்களுக்குத்தான் போன்.